வாடகைச் சித்தப்பா

தேகு நகரத்தில், ஞாயிறு காலை பதினொன்றரைக்கு
நான் மணப்பெண்ணின் சித்தப்பா.
இரண்டு மணிக்கு வேறொரு மண்டபத்தில்
மாப்பிள்ளையின் பழைய மேலாளர்.
நடுவில் டை மாற்றிக்கொள்ளப்
பேருந்து நிலையக் கழிப்பறை.

ஏஜென்சியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது:
பெயர் நோ கியூசோல். ஊர் உல்ஜின். நண்டு வியாபாரம்.
விடியுமுன் புறப்பட்டு வந்ததாகச் சொல்லவும்.
அதிகம் குடிக்க வேண்டாம்.
அழுதால் தனிக்கட்டணம் கிடையாது.

நான்காம் மாடி.
கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிச் சரங்கள்
இத்தாலியிலிருந்து வந்தவையாம்.
ஐம்பது நிமிடத்துக்கு ஒரு கல்யாணம்.
முந்தைய ஜோடியின் ரோஜாக்களைத்
தண்ணீர் தெளித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
அந்த ஐம்பது நிமிடத்துக்கு ஹேரின் கொடுத்தது,
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நான்கு வருடம்
'அடுத்தவர் வரலாம், அடுத்தவர் வரலாம்' என்று
சொல்லிச் சொல்லிச் சேர்த்த அத்தனையும்.

எதற்கம்மா இவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
காதணியைத் திருகியபடி அவளே சொன்னாள்:
'அவர் பக்கம் இருநூற்றுப் பத்துப் பேர்.
என் பக்கம் பல் சுத்தம் செய்கிற அக்காவும்
நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும்.
ஒரு பக்கம் சாய்ந்த படகு மாதிரி
இருக்கும் போட்டோ, சித்தப்பா.'

கடைசிச் சொல்லை
ஒத்திகைக்காகத்தான் சொன்னாளோ என்னவோ.

பிறகு அவள் பணத்தை அவளே உறைகளில் போட்டு
ஆளுக்கொன்றாய்த் தந்தாள்.
பதினொரு பேர் வரிசையில் நின்று
அவள் பணத்தை அவளுக்கே மொய் எழுதினோம்.
நோ கியூசோல், ஐம்பதாயிரம் வொன்.
எழுதியவர் மை காய ஊதினார்.
பதிலுக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டு.
கை நனைத்தோம். விலா எலும்புக் கறி
கொஞ்சம் வேகவில்லை.

'பெண் வீட்டார் இன்னும் ஒட்டி நில்லுங்கள்,
சொந்தக்காரர்கள்தானே!'
கேமராக்காரன் கத்தினான்.
ஒட்டி நின்ற அத்தை என் காதில் கேட்டாள்:
'அடுத்த ஞாயிறு உங்களுக்கு எங்கே?'

எங்கள் கல்யாணம் நடந்தது
பொதுக் குளியல் கூடத்துக்கு மேலிருந்த சாப்பாட்டுக் கடையில்.
கீழிருந்து ஏறிய ஆவியில் லென்ஸ் மங்கி
இருக்கும் ஒரே படத்தில்
மாமியார் யார், என் அம்மா யார் என்று
இன்றும் எங்களுக்குச் சண்டை.
மொத்தச் செலவு பன்றிக்கால் நான்கு, சோஜு ஒரு பெட்டி.
'மலிவாய் முடித்ததால்தான் முப்பத்தோரு வருடம் ஓடியது'
என்றேன் அன்றிரவு.
பூண்டு உரித்துக்கொண்டிருந்த சன்னே
நிமிராமல் சொன்னாள்:
'பிரிவதற்கும் பணம் வேண்டுமே, வக்கீலுக்கு.'

எங்கள் பையன் போன மாதம் வார்டு அலுவலகத்தில்
படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தான், பெண்ணோடு.
வரிசையில் பன்னிரண்டு நிமிடம் நின்றார்களாம்.
நால்வரும் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம்.
புத்திசாலிகள் என்றேன். நிஜமாகவே.
ஆனாலும் திரும்பும் வழியில்
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
லிஃப்டில் ஏறிய பால்காரியிடம் சொன்னேன்.
அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

நேற்று ஒரு அழைப்பு. ஏஜென்சி இல்லை.
'சித்தப்பா, ஹேரின் பேசுகிறேன்.
மொய் நோட்டைப் புரட்டினேன்.
உங்களுக்கு ஐம்பதாயிரம் திருப்ப வேண்டியிருக்கிறது.
வீட்டில் விசேஷம் ஏதாவது?'

அது உன் பணம்தானே என்று
சொல்லியிருக்க வேண்டும்.
'தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று' என்றேன்.

யார் என்று கண்ணால் கேட்டாள் சன்னே.
போனைப் பொத்திக்கொண்டு சொன்னேன்,
உல்ஜின் பக்கத்துச் சொந்தம்.
'உல்ஜினில் நமக்கு யாரும் இல்லையே?'

அந்தப் பக்கம் ஹேரின் கேட்டாள்,
நண்டு விலை எப்படி இருக்கிறது என்று.

இந்த வருடம் கொஞ்சம் ஏற்றம்தான் அம்மா
என்றேன்.